நின்றுகிடக்கும் நாளுக்கும் கணக்கு வையுங்கள்

அரசு வாகனப் பணிமனைகளை நடத்தும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். தாலுகா அலுவலக ஜீப் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். பணிமனைக்குள் வண்டி வந்தால் மாட்டிய நட்டு வரைக்கும் கணக்கு எழுதுகிறீர்கள். அது எத்தனை நாள் நின்றது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்குக் குறையே இல்லை. ஒருமுறை என் ஜீப்பில் கியர் விழவில்லை. பெரியவர் ஒருவர் கிளட்சை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார், குனிந்து கீழே தடவினார், விரலில் எண்ணெய் ஒட்டியது. "கிளட்ச் சிலிண்டர் லீக், மாத்திட்டா போதும்" என்றார். அரை நாள் வேலை. ஆனால் ஸ்டோரில் அந்தச் சாமான் இல்லை. விலைப்புள்ளி வாங்கி, எஸ்டிமேட் போட்டு, வண்டிக்குச் சொந்தமான அலுவலகத்துக்குக் கோப்பு போனது. அங்கே ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன.

அந்த நாட்களில் தாசில்தார் வாடகைக் காரில் போனார். அந்தப் பணம் வேறு கணக்குத் தலைப்பில் போனது. பழுதுச் செலவில் மிச்சம் என்றுதான் உங்கள் பதிவேடு சொல்லும். நிற்கும் வண்டியும் சும்மா நிற்பதில்லை. பேட்டரி இறங்கும், டயர் அமுங்கும், எலி வயரைக் கடிக்கும். ஒரு கோளாறோடு உள்ளே போனது, மூன்று நான்கு கோளாறுகளோடு வெளியே வரும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சிக்கல் இன்னும் கூடிவிட்டது. இந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். புகைபோக்கி நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். அதற்குச் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதிகாரியின் வண்டியோ ஊருக்குள்ளேயே சுற்றும். கூட்டம் முடியும்வரை ஏசி போட்டபடி நிற்கும். கரி அடைத்துக்கொள்ளும், மீட்டரில் விளக்கு எரியும், இழுவை போய்விடும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கோளாறு பார்க்கும் ஸ்கேனர் இருந்தால், வண்டியை நிறுத்திவைத்தே அந்தக் கரியை எரித்துவிடப் பெரும்பாலும் வழி உண்டு. கடைத்தெரு ஒர்க்ஷாப்காரர்கள்கூட இன்று ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். அது இல்லாத அரசுப் பணிமனை என்ன செய்யும்? கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, பில்லைச் சரிபார்க்கும். அவ்வளவுதான். நல்ல மெக்கானிக்கை பில் பார்க்க வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்புறம், ஓட்டுநர்களுக்கும் இதை அரை நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். அந்த விளக்கு எதற்கு எரிகிறது என்று தெரியாமலேயே பலர் ஓட்டுகிறார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, கழித்துவிட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. நல்ல விதிதான். ஆனால் புது வண்டி வரும்வரை மிச்சமிருக்கும் வண்டிகள்தான் எல்லா ஓட்டத்தையும் சுமக்கின்றன. அவற்றில் ஒன்று படுத்தாலும் ஒரு தாலுகாவே தவிக்கும். கழித்த வண்டிகளையும் பணிமனை வளாகத்தில் கொடி படரவிடாமல் சீக்கிரம் அனுப்புங்கள். ஓடும் வண்டி நிறுத்த இடம் வேண்டும்.

ஃபில்டர், பிரேக் லைனிங், கிளட்ச் சாமான், பெல்ட் போல அடிக்கடி தேவைப்படுவதை ஸ்டோரில் எப்போதும் வைத்திருங்கள். சின்னத் தொகைக்குள் அடங்கும் சாமானைப் பணிமனைப் பொறுப்பாளரே அன்றைக்கே வாங்க அதிகாரம் கொடுங்கள். தணிக்கை அப்புறம் நடக்கட்டும். மெக்கானிக் ஓய்வுபெற்ற இடத்தை ஆண்டுக்கணக்கில் காலியாக விடாதீர்கள். ஐடிஐ பையன்களைத் தொழில்பழகுநராக எடுத்தாலும், பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க அந்தப் பெரியவரைப் போல ஒருவர் இருக்க வேண்டுமே.

மாதக் கடைசியில், எந்த வண்டி எத்தனை நாள் நின்றது, எதற்காக நின்றது என்று ஒரே ஒரு தாள் ஒவ்வொரு பணிமனையிலிருந்தும் மாவட்ட ஆட்சியருக்குப் போகட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்தபோது ஓடும் நிலையில் ஒரு ஜீப் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோரும் பார்த்தோம். முதல் தாளை இந்தச் செப்டம்பரிலேயே கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஓட்டுநர் ஒருவர்