ஜன்னல் வழியாகவே வரையலாம்

அன்பு மகளுக்கு,

நலம்தானே? நீ மறுபடி பிரஷைக் கையில் எடுத்திருக்கிறாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் கட்டிடம் மேல் கட்டிடம்தான், இதில் எதை வரைவது, உங்களுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது என்று கேட்டிருந்தாய்.

தானாக எதுவும் தோன்றுவதில்லை, கண்ணம்மா. நடந்துகொண்டே இருப்பேன், ஏதோ ஓரிடத்தில் கால் நின்றுவிடும். என்னை நிறுத்தியது எது என்று யோசித்தால் பெரும்பாலும் அது வெளிச்சமாகத்தான் இருக்கும். தெரு முழுக்க நிழல், கடைசி வீட்டுச் சுவரில் மட்டும் வெயில். சரி, அவ்வளவுதான் படம். அதை ஒரு வரியாக ஸ்கெட்ச் நோட்டில் எழுதிவிடுவேன். அப்புறம் செய்கிற வேலையெல்லாம் அந்த ஒரு வரியைக் காப்பாற்றுவதற்குத்தான்.

கண்ணைச் சுருக்கிப் பார். நுணுக்கங்கள் மறைந்து இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று திட்டுகளாகத் தெரியும். பென்சிலில் அதை மட்டும் உள்ளங்கை அளவுக்குப் போட்டுக்கொள். வண்ணத்தில் இறங்கியதும் முதலில் நிழல்களின் இடத்தை முடிவு செய். வெயில் நகர்ந்தாலும் நீ நகர்த்தாதே. இரண்டு மணி நேரத்தில் வேறு காட்சியே வந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1892லும் 1893லும் பிரான்சின் ரூவன் நகரத் தேவாலயத்தை வரைந்தபோது பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தன் மேகப் படங்கள் பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசையெல்லாம் குறித்து வைத்தார். நானும் குறித்து வைக்கிறேன். போட்டோவை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். போட்டோவில் நிழல்கள் வெறும் கறுப்பாகிவிடும், நேரில் பார்த்தால் அதற்குள் நீலமும் ஊதாவும் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மழை விட்ட சாயங்காலத் தெரு. நனைந்த சாலை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நிழல் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும். பிரதிபலிப்போ விளக்குக்கு நேர் கீழே, உன்னை நோக்கி நீளும். விளக்கைவிட அதன் பிரதிபலிப்பு ஒரு படி மங்கல். இருட்டான பொருளின் பிரதிபலிப்பு பெரும்பாலும் அந்தப் பொருளைவிடக் கொஞ்சம் வெளிறியிருக்கும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே பிரஷை மேலிருந்து கீழே இழு, பிறகு குறுக்கே மெல்ல ஒரே ஒரு தீற்று. தரை சட்டென்று படுத்துக்கொள்ளும். அந்த நொடிக்காகவே நான் இத்தனை காலம் வரைகிறேன்.

கேன்வாஸின் வெள்ளை உன்னைப் பயமுறுத்தினால் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் பூசிவிடு. மேலே போடும் நீலத்துக்கு இடையில் அது அங்கங்கே எட்டிப் பார்க்கும்போது படத்துக்கே உயிர் வரும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னாளில் விரிசல் விடும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் அவசரப்படாதே.

ஜன்னல்களை எல்லாம் எண்ணி எண்ணி வரையாதே. வெயில் படுகிற இரண்டு மூன்றைச் சரியாகப் போட்டால் மற்றதைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

ஒரே ஜன்னல்தானே என்று சலித்துக்கொள்ளாதே. ஓவியர் பிஸ்ஸாரோவுக்குக் கண் உபாதை, வெளியில் நின்று வரைய முடியவில்லை. 1897ல் பாரிஸில் ஒரு ஓட்டல் அறை எடுத்து, ஜன்னலிலிருந்து தெரிந்த மொம்மார்த்ர் சாலையைக் காலை, மழை, இரவு என்று திரும்பத் திரும்ப வரைந்தார். நீயும் உன் ஜன்னலை ஒரு காலையிலும் ஒரு மாலையிலும் வரைந்து இரண்டையும் அனுப்பு. முடியாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு.

டர்பன்டைன் திறக்கும்போது காற்றோட்டம் இருக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வை.

அன்புடன்,
அப்பா