ரிப்போர்ட்டில் நட்சத்திரம்

பள்ளத்தூர்
ஐப்பசி 26

அன்புள்ள நெட்டையனுக்கு, குட்டையன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் போனேன். உன் நலம்தான் எட்டுப் பக்கத்துக்கு அச்சாகி வந்திருக்கிறதே!

தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தருகிற மகன் இந்த வருஷம் 'ஃபுல் பாடி செக்கப்' எடுத்துத் தந்தான் என்று எழுதியிருக்கிறாய். நமக்கு வயதாகிவிட்டதைப் பிள்ளைகள் இப்படித்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள். எண்பது சோதனையில் ஒன்பதுக்கு நட்சத்திரம் (அளவு தவறினதற்கு லேப் போடுகிற குறி) விழுந்திருக்கிறது, இருதயத்துக்கு ஏதும் ஆகிவிடுமா, பார்த்துச் சொல் என்கிறாய். நான் டாக்டர் இல்லை, மண்டிக் கணக்கு எழுதியவன். ஆனால் தம்பிக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து இந்தச் சீட்டுகளைப் பேரேடு புரட்டுகிற மாதிரி புரட்டிப் புரட்டி, கொஞ்சம் படிக்க வந்திருக்கிறது.

ஊர்ச் செய்தி முதலில். மழை பரவாயில்லை, ஊரணி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) தெற்குப் பக்கம் ஓடு இறங்கி, பங்காளிகள் பதினாலு பேரையும் போனில் பிடித்துச் சம்மதம் வாங்குவதற்குள் தண்ணீர் போஜன ஹால் வரை வந்துவிட்டது. அந்தக் கூத்தைத் தனியாக எழுதுகிறேன்.

தம்பி விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவனுக்கு அப்போது 51 வயது. ஒல்லி. பீடி, சிகரெட் கிடையாது. அதற்கு முந்தின தீபாவளிக்கு ரத்தம் பார்த்து, மொத்தக் கொலஸ்ட்ரால் 190, 'இருநூறுக்குள்ளே இருக்கு' என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாசி மாதம் ஒரு விடிகாலையில் நெஞ்சு பிசைகிறது என்றான். வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். கேட்கவில்லை என்று பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஈ.சி.ஜி. சரி, ட்ரோபோனின் என்ற ரத்தச் சோதனையும் சரி. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த ஒரு நர்ஸம்மாதான், 'வலி வந்து ஒரு மணி நேரம்தானே ஆகுது, மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துப் பாத்துட்டுப் போங்கண்ணே' என்றது. எடுத்தோம். ஏறியிருந்தது. இருதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் ரத்தத்தில் கசியும். கசிந்து அளவில் தெரிய நேரமாகும். அதனால் வலி எடுத்த உடனே பார்த்த ஒரு சோதனையை நம்பி வீட்டுக்கு வரக்கூடாது. அன்று மதுரை போய்ச் சேர்ந்து ஸ்டென்ட் வைத்ததெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. அந்த நர்ஸம்மாவுக்கு வருஷா வருஷம் தீபாவளிப் பலகாரம் போகிறது.

நீ கேட்டிருந்தாயே, 'முன்கூட்டித் தெரிந்துகொள்ள ட்ரோபோனின் எடுக்கலாமா' என்று. நெஞ்சு வலி இல்லாதவனுக்கு அது வேண்டாம். அது வந்ததைச் சொல்கிற சோதனை. வரப் போவதை மட்டாக ஊகிக்கிற சோதனைகள் வேறே.

தம்பிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என்னைப் பார்த்து, 'உங்க அப்பா எப்படி இறந்தாங்க?' என்று கேட்டார். அப்பச்சி மலேயாவில் ஈப்போவிலிருந்து வந்த மறு வருஷம், 49 வயதில், சாப்பிட்டுவிட்டு முகப்புத் திண்ணையில் சாய்ந்தவர்கள் எழவில்லை. கொடுத்து வைத்த மகராசன், நோகாமல் போயிட்டாக என்று ஊரே சொன்னது. நாங்களும் நாற்பது வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, 'அண்ணன் தம்பி எல்லாரும் ரத்தம் பாருங்க' என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் தடவை நான் போனது தப்பான நாளில். மாமா மகன் சாந்திக் கல்யாணம் முந்தின நாள். கவுனி அரிசி, கந்தரப்பம், பால் பணியாரம், ராத்திரி பத்து மணிக்கு மறுபடி ஒரு பந்தி. காலையில் ஏழு மணிக்கெல்லாம் காரைக்குடி லேபில் கையை நீட்டினேன். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு), மஞ்சள் மூடியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி கழித்து அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டு, இயந்திரத்தில் சுற்றி எடுத்த குழாயை வெளிச்சத்தில் காட்டினான். கீழே ரத்தம் கட்டியாக நிற்கிறது. மேலே தெளிந்து இளமஞ்சளாக நிற்க வேண்டிய நீர், தண்ணீர் ஊற்றின பால் மாதிரி வெள்ளையாக நிற்கிறது. 'என்ன ஐயா சாப்பிட்டீங்க?' என்றான். ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடுகிற இன்னொரு கொழுப்பு) 436. எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) கட்டம் காலி. ஏன் என்றால், பல லேபுகளில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை, கழித்துத்தான் எடுக்கிறார்கள்: மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் கழி, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி, மிச்சம் எல்.டி.எல். 1972இல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரம். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு நிற்காது. கொழுப்புச் சோதனைக்குப் பட்டினி கிடந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது பெரும்பாலும் இல்லை. என்னை மாதிரிப் பால் வடிகிற ஆட்களை மட்டும் வெறும் வயிற்றோடு மறுபடி வரச் சொல்வார்கள்.

பத்து நாள் கழித்துப் போனேன். மொத்தம் 188, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 210. கழித்துப் பார், எல்.டி.எல். 112 வரும். மொத்தத்துக்கும் எல்.டி.எல்.லுக்கும் நட்சத்திரம் இல்லை. தம்பி மாதிரியே நானும் 'இருநூறுக்குள்ளே' ஆசாமி. டாக்டர் அந்த மொத்தத்தைப் பேனாவால் அடித்துவிட்டார். 188இல் 34 போனால் 154. நல்ல கொழுப்பு நீங்கலாக மற்ற எல்லாம் அதில் அடக்கம். சாதாரண ஆளுக்கே அது 130க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு உறைத்தது அப்போதுதான். ஐந்தொகையில் அடிக்கூட்டு நேராகி நிற்கும், உள்ளே வராக்கடன் எவ்வளவு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனை வருஷம் அந்த வேலை பார்த்தவன் நான்!

என்னை மாதிரி ட்ரைகிளிசரைடு கூடின ஆட்களுக்கு அப்போ பி (Apo B) என்ற புரதத்தை அளந்து பார்த்தால் இன்னும் தெளிவாம். எல்.டி.எல். கணக்கு எத்தனை மூட்டைச் சரக்கு என்று சொல்கிறது. அப்போ பி அதைச் சுமக்கிற துகள், அதாவது வண்டி, எத்தனை என்று சொல்கிறது, ஒரு வண்டிக்கு ஒன்றே ஒன்று. சரக்கு கொஞ்சமாக இருந்து வண்டி மட்டும் நிறைய ஓடினாலும் பாதைக்குத்தான் கேடு. நான் அதைப் பார்க்கவில்லை. அதற்குள் இன்னொன்று பிடித்துக்கொண்டது.

லிப்போபுரோட்டீன் ஏ. உன் ரிப்போர்ட்டில் எண்பது சோதனையும் தேடினேன், இது இல்லை. (ஐந்தாம் பக்கத்தில் இருக்கிற 'அப்போ ஏ' வேறே, அதோடு குழப்பிக்கொள்ளாதே.) 1963இல் நார்வேயில் பெர்க் என்பவர் கண்டுபிடித்தது. எல்.டி.எல். துகள் மாதிரியே ஒன்று, மேலே ஒரு புரதக் கயிறு சுற்றியிருக்கும். இதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. பத்தியம் இருந்தாலும் நடந்தாலும் பெரிதாக அசையாது. அதனால் பெரும்பாலும் ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. எனக்கு 92. தம்பிக்கு 104. பதினாலு பங்கு வீட்டில் எங்களுக்கு வந்தது வளவில் ஒரே ஒரு இரட்டை வீடு (உள்ளும் வெளியுமாக இரண்டு அறை). இந்தப் பங்கை மட்டும் அப்பச்சி ஆளுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னேன். மகளுக்குக் குறைச்சல். மகனுக்குச் சென்னை லேபில் 180 என்று வந்து, பயந்துபோய் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டான். அங்கே அளவு மில்லிகிராமில் இல்லை, துகளை எண்ணுகிற நேனோமோலில். அந்தக் கணக்கில் எல்லை 125. என்னைவிட மோசம் என்று அவன் நினைத்தான். அப்படி இல்லை, ஆனால் அவனுக்கும் பங்கு இருக்கிறது. 34 வயதில் தெரிந்தது ஒரு வகையில் நல்லது. இதைக் குறைப்பதற்கென்றே மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. அதுவரைக்கும் டாக்டர்கள் செய்வது, மாற்ற முடிகிறதை எல்லாம் இறுக்கிப் பிடிப்பதுதான். இந்திய இருதயவியல் சங்கம் 2024இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது: எல்.டி.எல். சாதாரண ஆளுக்கு 100க்குள், ஆபத்து கூடினவருக்கு 70க்குள், தம்பி மாதிரி ஒருமுறை வந்தவருக்கு 55க்குள். என்னை நடுவில் வைத்தார்கள். ராத்திரி கொழுப்பைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை ஒன்று. மூன்று மாதத்தில் எல்.டி.எல். 57. எச்.டி.எல். மட்டும் 34லிருந்து 35. நம்ம பள்ளிக்கூட மார்க் மாதிரி.

நம் ஆட்களுக்கு மாரடைப்பு சீக்கிரமே வருகிறது என்பது கற்பனை இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சராசரியாக 53, மற்றவர்களுக்கு 59.

இனி உன் நட்சத்திரங்களுக்கு வருவோம். சி.ஆர்.பி. 14 என்று பார்த்துத்தான் நீ தூக்கம் கெட்டிருக்கிறாய். அது உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். 3க்கு மேலே நிலையாக நின்றால் இருதயத்துக்கு ஆகாது என்கிறார்கள். 10ஐத் தாண்டினால் முதலில் காய்ச்சலா, புண்ணா என்று தேட வேண்டும். அதே கடிதத்தில் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து முகம் வீங்கியதை நீயே எழுதியிருக்கிறாய்! பல்லைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடு. ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் இருக்கிற ஓர் அமினோ அமிலம்) 24: நாற்பது வருஷமாகக் கவிச்சி தொடாதவன் நீ, பி12 குறைந்தாலே அது ஏறும். பி12ஐச் சரிசெய்துகொள், நரம்புக்கு நல்லது. வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனை இறக்கிப் பார்த்த ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை, அதனால் இருதயத்துக்காக அதைக் கட்டிக்கொண்டு அழாதே. மூன்று மாதச் சர்க்கரை 6.1, அதை மட்டும் 'வெறும் வயிற்றில் 98தானே' என்று தள்ளிவிட்டாய். தள்ளாதே. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு வாசல்படி. மற்ற நட்சத்திரங்களில் பாதி ஒரு புள்ளி, அரைப்புள்ளி முன்பின். உன் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நட்சத்திரம் விழாததைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். எல்.டி.எல். 124, லேப் தாளில் 130 வரை சரி என்று அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு எட்டுப் பக்கத்திலும் உன் சிகரெட்டைத் தேடினேன், காணோம். பிரஷர் காணோம். உன் பெரிய அண்ணன் 54 வயதில் போனதும் காணோம். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிற டாக்டர் இதையெல்லாம் கேட்டுத்தான் கணக்குப் போடுவார், ரத்தம் அதில் ஒரு பகுதி. இன்னொன்று, ரத்தச் சோதனை அடைப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. எனக்கு லிப்போபுரோட்டீன் ஏ 92 என்பதால் எனக்கு வந்தே தீரும் என்றும் இல்லை.

ஆகவே உன் மகனிடம் சொல், அடுத்த தீபாவளிக்கு எண்பது வேண்டாம். லிப்போபுரோட்டீன் ஏ ஒன்று மட்டும் இப்போதே எடுக்கச் சொல். எனக்கு ஆயிரத்துக்கு முன்பின் ஆனது.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள இங்கே வருவதாகப் போன வருஷமும் சொன்னாய். இந்த வருஷம் வா. உன் பங்குக்குக் கருப்பட்டிப் பணியாரம் இரண்டுதான், வீட்டில் இப்போதே எண்ணிச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்காதே, நான் வண்டியோடு எதிரிலேயே நிற்பேன்.

உன்,
குட்டையன்

பி.கு.: ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தைக் காப்பி எடுக்கும்போது தலைகீழாக வைத்திருக்கிறாய். அந்தப் பக்கத்தை மறுபடி அனுப்பு, கிட்னி கணக்கு அதில்தான் இருக்கிறது.