பொறுக்கி எடுத்தது நகல்தான், மீனா

காரைக்குடி

அன்பு மகள் மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

நிரல் எழுதும்போது அணியிலிருந்து, அதாவது எண்களை வரிசையாக அடுக்கிய தொகுப்பிலிருந்து, சில எண்களைப் பொறுக்கி மாற்றியும் மூல அணி அப்படியே இருக்கிறது என்று போனில் வருத்தப்பட்டாய். எதிரில் வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நம் நகரத்தாரின் ஒன்பது கோயில்களை வரிசையாக வை: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. சுட்டெண், அதாவது இடத்தைக் குறிக்கும் எண், 0 முதல் 8 வரை. 4, 0, 6 என்று கேட்டால் பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி, இலுப்பைக்குடி என்று கேட்ட வரிசையிலேயே வரும். 4-ஐ இருமுறை கேட்டால் பிள்ளையார்பட்டி இருமுறை வரும். 9 கேட்டால் பிழை.

பைதான் நிரல்மொழியின் சாதாரணப் பட்டியலிடம் இப்படிச் சேர்த்துக் கேட்க முடியாது. ஒவ்வொன்றாகச் சுற்றி எடுக்க வேண்டும். நீ பயன்படுத்தும் நம்பை (NumPy) என்ற பைதான் நூலகம் கொடுக்கும். ஆனால் எதைக் கொடுக்கிறது என்று பார்.

2 முதல் 5 வரை தொடர்ச்சியாக வெட்டினால் நம்பை எதையும் படியெடுப்பதில்லை. தொடக்க இடம், எத்தனை, எவ்வளவு தாவல் என்று குறித்துக்கொண்டு அதே நினைவகத்தையே காட்டுகிறது. அதில் கை வைத்தால் மூலமும் மாறும். 4, 0, 6-க்குச் சீரான தாவல் கிடையாது. அதனால் நகல் எடுக்கிறது. பட்டியலில் கொடுத்த சுட்டெண்கள் சீராக இருந்தாலும் நகல்தான்.

நீ பொறுக்கி எடுத்த கையோடு இன்னொரு சதுர அடைப்புப் போட்டு மதிப்பை வைத்தாய். அது நகலில் போய் விழுந்தது. நகலுக்குப் பெயர் இல்லை, அந்த வரியோடு போயிற்று. பிழைச் செய்தியும் வராது, அதுதான் எனக்குப் பயம். நீ பார்ப்பது மருந்துக் கையிருப்புக் கணக்கு அல்லவா! ஓர் எண் மாறாமல் நின்றால் எங்கோ ஒரு நோயாளி வெறுங்கையோடு திரும்புவார். மாற்ற வேண்டிய சுட்டெண்களை மட்டும் ஒரே அடைப்புக்குள் வைத்து, சமக்குறிக்கு இடப்பக்கம் நேராக எழுது. மூல அணியே மாறும்.

இன்னொன்று. 4, 4, 0 என்று கொடுத்து ஒன்றைக் கூட்டச் சொன்னால், சுட்டெண் 4-இல் ஒன்றுதான் கூடும், இரண்டு கூடாது. ஒரே மருந்து இருமுறை வந்து இறங்கும் நாளில் இது கணக்கைக் கெடுத்துவிடும். அங்கே நம்பையின் add.at என்ற செயற்கூற்றைப் பயன்படுத்து.

சீப்புச் சீடையும் மனகோலமும் பார்சலில் வருகின்றன. நிரலைத் திருத்தி ஓட்டிப் பார்த்து, கையிருப்பு ஒத்துவந்ததா என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா