மீனம்பாக்கத்திலிருந்து, போகி காலை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இப்போது மணி எட்டு பத்து. ஆறரைக்குப் புனேவுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் இன்னும் இங்கே வந்தே சேரவில்லை. நீ ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குவாய், போன் போட்டு எழுப்ப வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் டைரித் தாளில் எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி இதைப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பித் தருகிறேன் என்றார்.

எல்லாம் புகையால் வந்தது. மூன்றரை மணிக்குத் தாம்பரத்தில் ஆட்டோ ஏறினோம். குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டும்வரை தெருவுக்குத் தெரு போகி நெருப்பு, பிள்ளைகளின் மேளச் சத்தம். பாயும் முறமும் எரிந்த காலம் போய் டயர் வாடை மூக்கில் ஏறியது. டயர், பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்ளத்தான் செய்கிறது. கிளம்புகிற அவசரத்திலும் அம்மா ஒரு கிழிந்த கோரைப்பாயை வாசலில் கொளுத்திவிட்டுத்தான் வந்தாள். நம் வீட்டுப் புகையும் இதில் கொஞ்சம் உண்டு, பாப்பா. இந்த நாட்களில் விடியற்காலை காற்று அசையாது. தரையோடு குளிர்ந்த காற்று, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று என்று மூடி போட்டமாதிரி நின்றுவிடும். புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்க, அதன் துகளைப் பிடித்துக்கொண்டு பனியும் இறங்கிவிடுகிறது. 2018 போகியன்றும் இப்படித்தான், இறங்க வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

எங்கள் விமானமும் மேலே சுற்றிப் பார்த்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டதாம். அது திரும்பி வந்தால்தான் எங்களுக்குப் புனே. "இணை ரயில் தாமதமாக வருவதால்" என்று ஸ்டேஷன் மாஸ்டராக எத்தனை வருஷம் மைக்கில் சொல்லியிருப்பேன்! நடைமேடையில் மூட்டையோடு உட்கார்ந்து அதைக் கேட்பவனுக்கு எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

விருத்தாசலத்தில் மார்கழி ராத்திரிகள் உனக்கு நினைவிருக்கும். என் அறையிலிருந்து 180 மீட்டர் தள்ளி ஒரு கம்பம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மூடுபனி என்று நான் முடிவு செய்ய வேண்டும். உடனே ஆள் அனுப்பி, சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின்மேல் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு டெட்டனேட்டர் கட்டச் சொல்வேன். இன்ஜின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். சிக்னல் நெருங்கிவிட்டது என்று டிரைவர் வேகத்தைக் குறைப்பார். குவார்ட்டர்ஸில் போர்வைக்குள் இருந்தபடியே "அப்பா வெடி போட்டுட்டாரு" என்று நீ சொல்வாயாம். எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும்.

இங்கே அந்த வேலையைக் கருவி செய்கிறது. ஓடுபாதை ஓரத்தில் ஒளியைப் பாய்ச்சி, எதிர்ப்பக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து, பார்வை எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடும். இங்கே இறங்க 550 மீட்டராவது தெரிய வேண்டும் என்று அந்தத் தம்பி சொன்னார். டெல்லியில் பனி அதிகம் என்பதால் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கும்படி வசதி செய்திருக்கிறார்களாம். எனக்குப் பழக்கம் விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பத்தைக் குறி வைத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு அது இருந்த சுவடே இல்லை. இப்போது உச்சி மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

அம்மா மடியில் மஞ்சள் கொத்தை வைத்தபடி தூங்குகிறாள். ஏசிக் காற்றில் இலை நுனி சுருள ஆரம்பித்துவிட்டது. பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து, வேரைச் சுற்றியிருக்கும் சாக்குத் துணியில் அரை மணிக்கு ஒருதரம் விட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு இலைக்கு நடுவே ஒரு சிலந்தியும் நம்மோடு புனே வருகிறது. ஆத்தாவின் வெண்கலப் பானை என் பையில் இருக்கிறது. சோதனையில் அதை வெளியே எடுக்கச் சொன்ன பெண் காவலர், உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு, "பொங்கலுக்கா? பத்திரமா கொண்டு போங்கய்யா" என்று தானே துணியைச் சுற்றிக் கொடுத்தார்.

ஏழு மணி சுமாருக்கு கேட்டில் நின்ற பெண்ணிடம் போய், எப்போது வரும் என்று கேட்டேன். உன்னைவிடச் சின்னவள். "தெரியலை சார். தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்" என்றாள். பின்னால் இருந்தவர் கத்தினார். எனக்கு அவள்மேல் மரியாதைதான் வந்தது. அந்த நாளில் ரயில் கன்ட்ரோல் ரூமில் கேட்டால் எனக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஜன்னலில் வந்து நிற்பவர்களிடம் "அரை மணியில வந்துடும்" என்று நானாக ஒரு கணக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன். அரை மணி கழித்து அதே ஆட்கள், அதே கேள்வி, அதே பதில். கைக்குழந்தையோடு ஒரு அம்மா நாலு முறை வந்து கேட்டார். நாலு முறையும் அரை மணிதான் சொன்னேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் போய்க் குழந்தையைப் படுக்க வைத்திருப்பார். (விதிப்படி, புனே மாதிரிக் குறுகிய பயணத்துக்கு இரண்டு மணி தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். யாரும் கேட்காமலே அந்தப் பெண் எட்டு மணிக்கு உப்புமாவும் ஜூஸும் வரவழைத்துவிட்டாள்.)

உனக்கும் அந்த அரை மணியைத்தான் சொன்னேன். உனக்கு ஆறு வயசு. பொங்கலன்று காலை மாற்று ஆள் வரவில்லை. "அரை மணியில வந்துடுறேன், நான் வந்தப்புறம் பானை வைங்க" என்று பாயிண்ட்ஸ்மேனிடம் சொல்லி அனுப்பினேன். நான் வந்தபோது பகல் பன்னிரண்டரை. பூசிய மஞ்சள் காய்ந்து பானை அடுப்பில் ஏறாமல் இருந்தது. கையில் கரும்புத் துண்டோடு நீ வாசல்படியில் தூங்கிப்போயிருந்தாய். உன்னைத் தூக்கியபோது கன்னத்தில் கரும்புக் கணுவின் தடம் பதிந்திருந்தது. அதற்கப்புறமும் பல பொங்கலுக்கு நான் டூட்டியில் இருந்தேன், நீங்கள் காத்திருந்தீர்கள். ஒருமுறைகூட நீ என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால் இதை மட்டும் கேள். புகை விலகி விமானம் வந்தால் மத்தியானம் உன் வீட்டில் இருப்போம். பைலட்டுகளுக்கும் எங்கள் டிரைவர்களைப் போல வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. அது முடிந்து, ஆள் மாறி, ரத்தானாலும் ஆகலாம். எப்போது வருவோம் என்று எனக்குத் தெரியாது. நாளைக் காலை நாங்கள் இல்லையென்றால் காத்திருக்காதே. பானை வரவில்லையே, மஞ்சள் வரவில்லையே என்று பார்க்காதே. வீட்டில் இருக்கிற பாத்திரத்தில், கேஸ் அடுப்பிலேயே பாலை ஏற்று. பொங்கும்போது வீடியோவில் கூப்பிடு, "பொங்கலோ பொங்கல்" இங்கிருந்து நானும் அம்மாவும் சொல்கிறோம். உன் சின்னவளுக்கு முதல் வாய் சுடச்சுடக் கொடு. அவளைப் படியில் உட்கார வைத்துவிடாதே.

மணி ஒன்பதே முக்கால். அந்தப் பெண் சொன்னபடியே நேரில் வந்தாள். பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதாம்.

கம்பம் இப்போது அடிவரை தெரிகிறது. அம்மாவை எழுப்பப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா