டேங்க் கணக்கும் சிலிண்டர் கணக்கும்

அன்பு மகள் கண்ணம்மாவுக்கு,

பெட்ரோலுக்குப் பதிலாக எரிக்கும் எத்தனாலில் (ஒருவகை ஆல்கஹால்) சத்தே இல்லை என்கிறார் ஒரு நண்பர், ரேஸ் காரே அதில்தான் பறக்கிறது என்கிறார் இன்னொருவர், யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் டேங்கைப் பார்த்துப் பேசுகிறார், மற்றவர் சிலிண்டரைப் பார்த்து.

டேங்க் கணக்கு சின்னது. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் வரும். எத்தனாலில் 21தான். மைலேஜ் அடிவாங்குவது இதனால்தான்.

ஆனால் எஞ்சினின் பவரை முடிவு செய்வது எரிபொருள் அல்ல, காற்று. எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், சிலிண்டருக்குள் நுழையும் காற்றுக்குத்தான் அளவு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வருவதால் 9 கிலோ போதும். ஆக, அதே காற்றில் எத்தனாலை ஒன்றரை மடங்குக்கும் மேலே எரிக்கலாம். கணக்குப் போட்டுப் பார், ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் இரண்டிலும் கிட்டத்தட்ட 3 மெகாஜூல்தான். சத்துக் குறைவு என்ற பேச்சு சிலிண்டருக்குள் செல்லாது.

அப்புறம்தான் எத்தனாலின் நிஜமான பலம் வருகிறது. ஊசி போடும் முன் பஞ்சில் ஸ்பிரிட் தடவுவார்களே, சில்லென்று இருக்குமே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் நடக்கிறது. ஆவியாகும்போது எத்தனால் கிலோவுக்குப் பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். போகிற அளவும் அதிகம் என்பதால் மொத்தக் குளிர்ச்சி ஏறக்குறைய நாலு மடங்கு. கூடவே ஆக்டேன் எண், அதாவது நாக்கிங் என்ற தாறுமாறான வெடிப்பை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண், 108-க்குப் பக்கத்தில். சாதாரண பெட்ரோலுக்கு அது 91 முதல் 98. நாக்கிங் எளிதில் எட்டிப் பார்க்காது என்பதால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுக்கலாம், சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டலாம். சாப் 9-5 பயோபவர் காரில் அதே எஞ்சின் பெட்ரோலில் 150 குதிரைத்திறன் கொடுத்தது, 85 சதவீத எத்தனால் கலந்த ஈ85-இல் 180 கொடுத்தது.

செயல்திறனையும் மைலேஜையும் எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். செயல்திறன் என்பது, வந்த வெப்பத்தில் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்பது. நாக்கிங் பயம் குறைவதால் எத்தனாலில் கம்ப்ரஷனை, அதாவது கலவையைச் சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்பதை, கூட்டலாம். 10-இலிருந்து 13-க்கு ஏற்றினால், ஓட்டோ சுழற்சி என்ற பாடப்புத்தக எஞ்சின் கணக்கில் செயல்திறன் 60 சதவீதத்திலிருந்து 64 ஆகிறது. நிஜ எஞ்சினில் இரண்டு எண்களுமே நிறையக் குறையும், ஆனால் பழைய செயல்திறனோடு ஒப்பிட்டால் ஆறேழு சதவீத ஆதாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு விட்ட இடத்தில் இது எம்மாத்திரம்? எத்தனால் எஞ்சின் கெட்டிக்காரத்தனமாகவே வேலை செய்யும், ஆனாலும் டேங்க் சீக்கிரம் காலியாகும். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

என்னைக் கேட்டால் எத்தனாலுக்கென்றே கட்டிய எஞ்சின்தான் அழகு. உன்னுடையதைப் போன்ற ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டி பெட்ரோலுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் கம்ப்ரஷனை அடக்கியே வைத்திருப்பார்கள். நல்லவேளை, உன்னுடையதில் டர்போ இருக்கிறது, கொஞ்சமாவது பலன் கிடைக்கும்.

ஈ85 போட்டால் மைலேஜ் கால்வாசிக்கு மேல் இறங்கும், பதறாதே. அதன் லிட்டர் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போடு, இல்லாவிட்டால் கையைக் கடிக்கும். குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகச் சுணங்கும், ஏனென்றால் எத்தனால் குளிரில் சரியாக ஆவியாகாது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதானால் டேங்கில் ஈ85 வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும், அதனால் முதல் தடவை போட்ட பிறகு ஃப்யூயல் ஃபில்டரைப் பார்க்கச் சொல். உன் தோழியின் வண்டி ஃப்ளெக்ஸ் இல்லை என்றால் அவள் இதைத் தொடவே வேண்டாம். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அந்த அளவைக் கொடுக்காது, ரப்பர் குழாய்களும் தாங்காமல் போகலாம்.

முழு டேங்க் ஓட்டிவிட்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று எழுதி அனுப்பு. டிஸ்ப்ளே காட்டும் மைலேஜை நம்பாதே, பம்ப்பில் போட்ட அளவை வைத்துக் கணக்குப் போடு.

அன்புடன்,
அப்பா