மேரியன் தீவுன்னா எலி மட்டும்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல, தெக்கால கடல்ல தூரமா இருக்குற நம்ம தென்னாப்பிரிக்காவோட மேரியன் தீவைப் பத்தி முக்கால் பக்கம் போட்டிருந்தீங்க, அந்தப் பேரைத் தமிழ் அச்சுல பாக்குறதே அபூர்வம், அதுக்கு நன்றி. ஆனா முழுக்க எலி, அது கொறிக்கிற ஆல்பட்ராஸ்ங்கற கடல்பறவை, எலியை ஒழிக்க ஹெலிகாப்டர், மறுபடி எலி. கடைசி பத்தியில "பாறையும் குளிரும் தவிர ஒண்ணுமே இல்லாத இடம்"னு முடிச்சிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

எங்க தாத்தா டர்பன் பேயில கரைவலை இழுத்தவரு. மடி கரைக்கு வந்ததும் எல்லாரும் மீனை எண்ணுவாங்க, அவரு மட்டும் மடியில ஒட்டிட்டு வந்த சேத்தைத்தான் முதல்ல கையில எடுத்து விரலால பிரிச்சுப் பாப்பாராம். பொடி இறால், புழு, சிப்பிக் குஞ்சு இருந்துச்சுன்னா மறுநாளும் அங்கேயே வலை, சேறு வெறுமனே இருந்தா இடத்தை மாத்து, இது அப்பா சொல்லிக் கேட்டது. அதனாலயோ என்னவோ எந்தக் கடலைப் பத்திப் படிச்சாலும் தரை எப்படி இருக்குன்னுதான் எனக்கு முதல்ல கேக்கத் தோணும், உங்க கட்டுரையில அதுக்கு ஒரு வரி பதில்கூட இல்ல.

எங்க தெருப் பையன் ஒருத்தன் கப்பல் சமையல்கட்டுல வேலை பாக்குறான். இசிபிங்கோ மாரியம்மன் கோயில்ல ஈஸ்டர் திருவிழா நடக்குற சமயத்துல கேப் டவுனுக்குக் கிளம்பினான், அங்கேருந்து தென்கிழக்கா ரெண்டாயிரம் கிலோமீட்டர் போல, மேரியனுக்கு. திரும்பி வந்து போன்ல ஒரு போட்டோ காட்டினான். ஆராய்ச்சிக்காரங்க கடல் தரையில இழுத்த வலையில வந்ததை ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில கொட்டி வச்சிருக்காங்க. பாசி பிடிச்ச கல்லு, ஸ்பாஞ்சு துண்டு, லேஸ் துணியைக் கிழிச்சுப் போட்ட மாதிரி பிரையோசோவாங்கற கூட்டமா வாழுற பொடி ஜீவன், நடுவுல கொட்டைப்பாக்கு அளவுல சிப்பிங்க. சிப்பின்னுதான் நானும் சொன்னேன், அப்புறம் படிச்சாத்தான் தெரியுது, அது சிப்பி இனமே இல்லையாம், பிராக்கியோபாடாம், சின்னக் காம்பு ஒண்ணு நீட்டி அதால பாறையைப் பிடிச்சுக்கிட்டே காலத்தை ஓட்டுற ஜீவன். பக்கவாட்டுல பாத்தா அச்சு அசல் அகல் விளக்குதான். கார்த்திகைக்கு எடுத்துக் கழுவி வச்ச மாதிரி ட்ரே ஓரமா ஏழெட்டு கிடந்துச்சு.

இன்னைக்கு நேத்து பாத்த தரையும் இல்ல அது. 1873 டிசம்பர்லயே சேலஞ்சர்ங்கற பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கப்பல் அங்க வந்து மேரியனுக்கும் பக்கத்துத் தீவு பிரின்ஸ் எட்வர்டுக்கும் நடுவுல தரையை வாரிப் பாத்துட்டுப் போயிருக்கு, நம்ம தென்னாப்பிரிக்கா கொடி ஏத்துனதே 1947 டிசம்பர் கடைசியிலதான்.

தண்ணி சராசரியா 5, 6 டிகிரிதான், நம்ம பீச்ஃப்ரண்ட்ல குளிக்கிற மாதிரி கனவுலயும் நெனைக்க முடியாது. ஆனா கரையோரம் கெல்ப் பாசி காடு மாதிரி. அலை அடிக்கிற பாறையில வளர்றதுக்கு பெல்ட் மாதிரி தடிச்ச பட்டை, வெட்டிப் பாத்தா உள்ள தேன்கூடு மாதிரி அறை அறையா காத்து, அதனாலதான் மெதக்குது. கொஞ்சம் உள்ள தள்ளி இன்னொரு கெல்ப், தரையில வேர் மாதிரி பிடிச்சுக்கிட்டு மேல்மட்டம் வரைக்கும் எழும்பும். பாறையில லிம்பெட், அதாவது கூம்பு ஓடு மூடி ஒட்டிக்கிட்டு இருக்குற நத்தை, அதை கடல்காக்கா முழுசா விழுங்கிட்டு ஓட்டை மட்டும் வெளிய துப்பிடும். லிம்பெட்டைத் தின்ன நட்சத்திர மீனும் வரும், பெரிய லிம்பெட்டா இருந்தா ஒண்ணால முடியாதுன்னு நாலஞ்சு சேந்து கவுக்கும், அந்த நட்சத்திர மீனே முட்டையைத் தண்ணியில விட்டுட்டுப் போகாம குஞ்சுகளை உடம்போட ஒட்ட வச்சு வளக்கும். இதெல்லாம் "ஒண்ணுமே இல்லாத இடம்"ங்களா ஐயா?

ஆனா நான் எழுத உக்காந்தது இதுக்காகக்கூட இல்ல, ஒரு இறாலுக்காக. நாட்டிகாரிஸ் மரியோனிஸ்னு பேரு, அந்தத் தீவு பேரையே வச்சிருக்காங்க, சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், கறி வைக்க ஒரு குத்து போதாது. கதை இப்படி. ரெண்டு தீவுக்கும் நடுவுல சுமார் 20 கிலோமீட்டர், அங்க தரை பெரும்பாலும் 200 மீட்டருக்குள்ளதான், அதைத் தாண்டினா கிடுகிடுன்னு ஆயிரக்கணக்குல இறங்கிடும். மேற்கேருந்து வர்ற பெரிய நீரோட்டம் கொஞ்சம் தள்ளி ஓடுற காலத்துல அந்த இடைப்பட்ட தண்ணி குளம் மாதிரி தேங்கி நிக்கும், தீவுல பெய்யுற மழை பென்குயின் எச்சம், சீல் சாணம் எல்லாத்தையும் கழுவிக் கொண்டுவந்து அதுல சேக்கும், இயற்கை உரம்தானே, டயாட்டம்னு கண்ணுக்குத் தெரியாத பாசி பொங்கி வளந்து, மிஞ்சினது கீழ படியும். ஸ்பாஞ்சு, அகல் விளக்கு, இறால் எல்லாம் அந்தச் சோத்துல உயிர் வாழுது. இறாலை ஜென்டூ பென்குயினும் நீர்க்காகமும் முங்கிப் பிடிக்கும், அதுங்களோட எச்சம் திரும்ப மழையில கடலுக்கு. பூஜை பிரசாதம் மாதிரி அங்கேயே சுத்திச் சுத்தி வருது.

கிங் பென்குயின் சாப்பாட்டுக்கு நூத்துக்கணக்குல கிலோமீட்டர் போகும், ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போற நம்ம பசங்க மாதிரி. ஜென்டூ அப்படி இல்ல, தெருமுனைக் கடைதான் அதுக்கு, கடையில சரக்கு இல்லேன்னா பட்டினி. சங்கடம் என்னன்னா 1949லேருந்து அங்க எடுத்த கணக்குல கடல் மேல்தண்ணி 1 டிகிரிக்கும் மேல சூடாகியிருக்கு, தள்ளி ஓடுனா தண்ணியைத் தேங்க விட்ட அந்த நீரோட்டமும் தெக்கால நகந்து தீவுக்குக் கிட்ட வருது. கிட்ட வந்தா தேங்காது, எச்சமும் உரமும் அலசிக்கிட்டுப் போயிடும், பாசி பொங்காது, தரைக்குச் சோறு இறங்காது. கரையோரத்துலயே மேயுற பறவைங்கதான் அங்க குறைஞ்சுக்கிட்டு வருதுங்க, ஆராய்ச்சிக்காரங்க அதுக்கும் இந்தத் தரை மாத்தத்துக்கும் முடிச்சுப் போடுறாங்க, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. தாத்தா பாத்த சேறுதான் இது.

எலியை ஒழிக்கறதுக்கு நான் எதிரி இல்ல, தப்பா நெனைக்காதீங்க. சீல் வேட்டைக்காரங்க 1800கள் தொடக்கத்துல கப்பல்ல கொண்டுவந்து விட்ட எலி, அதைப் பிடிக்க பின்னால கொண்டுபோன அஞ்சு பூனை ஆயிரக்கணக்கா பெருகி பறவையைத் தின்னு, அதை ஒழிக்கவே 1991 ஆச்சு, இப்ப மறுபடி எலி ஆல்பட்ராஸ் குஞ்சை உயிரோட கொறிக்குது, கண்டிப்பா ஒழிக்கணும். ஆனா 2013ல சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்சாங்களே, அதுக்கு உங்க பக்கத்துல அரை வரி கிடையாதா? சனிக்கிழமை நான் பாடம் எடுக்குற தமிழ் வகுப்புல மேரியனை வரையச் சொன்னேன், பதினோரு பிள்ளைங்களும் எலியைத்தான் வரைஞ்சுதுங்க. ஒண்ணு கடலை நீலத்துல தீட்டிட்டு நிறுத்திடுச்சு, உள்ள என்ன இருக்கும்னு கேட்டா "தண்ணி சார்"ங்குது.

இன்னொண்ணு, திருத்தம் போடணும். கட்டுரையோட போட்ட பென்குயின் படம் மேரியன்ல எடுத்தது இல்ல. நெஞ்சுல ஒத்தைக் கறுப்புப் பட்டை, கண்ணு மேல ரோஸ் கலர் தோலு, அது நம்ம ஆப்பிரிக்கன் பென்குயின், சைமன்ஸ் டவுன் பக்கம் போல்டர்ஸ் பீச்சுல கார் பார்க்கிங் வரைக்கும் நடந்து வருமே, அதுதான். மேரியன்ல இருக்குறது கிங், மக்கரோனி, ராக்ஹாப்பர், ஜென்டூ, நாலே வகை. ஜென்டூவுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளைப் பட்டை இருக்கும், பாத்தாலே தெரியும். அடுத்த வாரம் சரியான படத்தைப் போடுங்க, எடம் இருந்தா பக்கத்துல அந்த இறாலையும்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்