எல் இயெர்ரோ: கடலுக்கடியில் கொதித்த உலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 2029 ஜூலையில் எல் இயெர்ரோ தீவின் மாதா ஊர்வலத்துக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டாய் என்றதும் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. கடலுக்கடியில் எரிமலை வெடித்தது எப்படித் தெரிந்தது, ஊர்வலத்தோடு முழுத் தூரமும் நடக்க முடியுமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவில் எதைத் தொட்டாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது அது. பரப்பு சுமார் 268 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை பதினோராயிரம் சொச்சம், உயர்ந்த சிகரமான மல்பாசோ 1,501 மீட்டர். வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. எரிமலைப் பாறை முழுக்கத் துளையும் விரிசலுமாக இருப்பதால் பெய்த மழை தரையில் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். பழங்குடிகளான பிம்பாச்சே மக்கள் மேகத்தைப் பிழிந்து குடித்தார்கள் என்றே சொல்லலாம். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று ஈர மூட்டத்தைக் கொண்டுவந்து மலையில் மோதும். அந்தத் திவலை மழையாக விழ முடியாத அளவு பொடியானது. இலையில் பட்டால்தான் ஒன்றோடொன்று சேர்ந்து சொட்டும். கரோயே என்று அவர்கள் போற்றிய பெரிய மரத்தடியில், சொட்டிய நீரைக் குழி வெட்டித் தேக்கினார்கள். 1610-இல் புயலில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. 1949-இல் அதே இடத்தில் அதே இனக் கன்று ஒன்றை நட்டார்கள். அது இன்று பாசி படர்ந்து நிற்கிறது, குழிகளும் இருக்கின்றன. மூட்டமுள்ள நாளாகப் பார்த்துப் போ. வெயில் நாளில் போனால் வெறும் மரம்தான் தெரியும். இப்போது குழாயில் வருவது சுத்திகரித்த கடல்நீரும் கிணற்று நீரும்.

திருவிழாவும் தண்ணீரிலிருந்தே பிறந்தது. 1546 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, காற்றில்லாமல் கரைக்கருகே நின்றுவிட்ட கப்பலுக்கு ஆடு மேய்ப்பவர்கள் உணவு கொடுத்தார்கள், கைமாறாக மாதா சுரூபத்தைப் பெற்றார்கள் என்பது அவர்கள் மரபு. அதனால்தான் ‘ராஜாக்கள் மாதா’ என்று பெயர். 1741-இல் கொடும் வறட்சி. சுரூபத்தை மேற்கிலுள்ள லா தெஹேசா மேய்ச்சல் நிலத்திலிருந்து தலைநகர் வல்வெர்தேவுக்குச் சுமந்து வந்து மழை கேட்டார்கள், மழை வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிக் கொண்டுவருவோம் என்று நேர்ச்சை வைத்தார்கள். 1745-இல் தொடங்கிய கணக்கு அது. ‘பஹாதா’, அதாவது இறக்கம், என்று சொல்வார்கள்.

ஜூலை முதல் சனிக்கிழமை விடியும் முன்பே கோயிலில் பூசை, அப்புறம் புறப்பாடு. சுமார் 28 கிலோமீட்டர். வல்வெர்தே போய்ச் சேர இரவாகிவிடும். வெள்ளை உடையும் நாடாவும் பூவும் வைத்த தொப்பியுமாக ஆட்டக்காரர்கள் வழிநெடுக ஆடிக்கொண்டே வருவார்கள். மேளம், குறுக்காகப் பிடித்து ஊதும் குழல், உள்ளங்கையை நிறைக்கும் பெரிய மரச் சப்ளாக்கட்டை, இவ்வளவுதான் வாத்தியம். அந்த ஒரே தாளம் காலையிலிருந்து இரவுவரை நிற்காது. நீ கவனிக்க வேண்டியது ‘ராயா’ எனப்படும் எல்லைகளை. ஒவ்வோர் ஊரின் எல்லை வந்ததும் பல்லக்கும் ஆட்டமும் அடுத்த ஊர்க்காரர்கள் கைக்கு மாறும். மாதாவை விட்டுக்கொடுக்க மனம் வராமல் தாமதிப்பார்கள். வாங்க வந்தவர்கள் பொறுமையிழப்பார்கள். முழு விழாவின் உயிரும் எனக்கு அந்தச் சில நிமிடங்களில்தான் தெரிகிறது.

நடக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் உன் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன்: முதல் பாதி தீவின் முதுகு போன்ற நடுமேட்டுக்கு ஏற்றம், மறுபாதி வல்வெர்தேவுக்கு இறக்கம். இறக்கம்தான் முழங்காலைப் பதம்பார்க்கும், அதுவும் உதிரியான எரிமலைச் சரளையில். மேட்டில் ‘ராஜாக்கள் சிலுவை’ என்ற இடத்தில் எல்லாரும் துணி விரித்துக் கட்டுச்சாதம் போலக் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். நீ அதுவரை நடந்துவிட்டு அங்கிருந்து வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள். கணுக்கால் மூடிய செருப்பு, 3 லிட்டர் தண்ணீர், புழுதிக்கு மூக்கை மூட ஒரு துணி, தொப்பி. மேட்டில் மூட்டம் இறங்கினால் ஜூலையிலும் குளிரும், ஒரு மேல்சட்டை அவசியம். சனிக்கிழமை தவறினால் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை சுரூபம் திரும்பிப் போகும் பயணம் இருக்கிறது.

இனி எரிமலை. 2011 ஜூலை நடுவிலிருந்து, வடக்கே எல் கோல்ஃபோ பள்ளத்தாக்கின் அடியில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் பதிவாகின. மூன்று மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேல்; பெரும்பாலானவை கருவிக்கு மட்டுமே தெரிந்தவை. கூடவே ஜிபிஎஸ் கருவிகள் தரை சில சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதைக் காட்டின. நடுக்கங்களின் மையம் வாரத்துக்கு வாரம் தெற்கே நகர்ந்தது. பாறைக்குழம்பு தீவின் அடியிலேயே வழி தேடிப் போகிறது என்று பொருள். பாறை சரியும் அபாயத்தால் வல்வெர்தேவையும் பள்ளத்தாக்கையும் இணைக்கும் சுரங்கப்பாதையை மூடினார்கள். மக்கள் மலைச்சாலையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

அக்டோபர் 8-இல் 4.3 அளவில் ஒரு நடுக்கம். 10-ஆம் தேதி விடியற்காலையில் பதிவின் தன்மையே மாறியது. தனித்தனிக் குத்துகளாக வந்தது நின்று, உலை கொதிப்பது போல இடைவிடாத அதிர்வு. குழம்பு வாய் திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கண்ணால் யாரும் தீயைப் பார்க்கவில்லை. தெற்குக் கோடியில் லா ரெஸ்டிங்கா என்ற மீனவ ஊருக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில், 300 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் நடந்தது. ஊரிலிருந்த சுமார் 600 பேரையும் வெளியேற்றினார்கள். கடலில் பச்சையும் பழுப்புமாகக் கறை பரவியது, கந்தக வாடை வந்தது, செத்த மீன் மிதந்தது.

அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் நீராவி வெடித்துக் கிளம்ப விடாது. ஆனால் கக்கியது குவிந்து கூம்பு உயர உயர அழுத்தம் குறையும். குழம்பும் நீரும் சந்திக்கும் இடம் மேற்பரப்பை நெருங்கினால்தான் ஆபத்து. நவம்பரில் கடல் மேலே குமிழ்விட்டுக் கொந்தளித்தபோது ஊரை மறுபடி காலி செய்ததற்குக் காரணம் இதுதான். கூம்பு கடைசியில் கடல்மட்டத்துக்கு 89 மீட்டர் கீழே நின்றுவிட்டது. 2012 மார்ச் 5-இல் வெடிப்பு முடிந்ததாக அறிவித்தார்கள். பிறகு வைத்த பெயர் தகோரோ. கல்வட்டமாக அமைந்த கூடுமிடத்துக்குப் பழங்குடிகள் சொன்ன சொல்.

கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாட்களில் மிதந்து வந்தவற்றை ரெஸ்டிங்கோலிட்டா என்கிறார்கள். வெளியே கறுத்த மெல்லிய ஓடு. உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நுரை, நன்றாகப் பொங்கிய ரொட்டி மாதிரி துளைதுளையாக. ஓட்டின் கறுப்பு அங்கங்கே வரிவரியாக வெள்ளைக்குள் சுழன்றிருக்கும். கறுப்பு புதுக் குழம்பு. வெள்ளை, தீவு உருவாகும் முன்பே கடற்படுகையில் படிந்திருந்த வண்டல். மேலேறிய குழம்பு வழியில் அதை உருக்கி எடுத்து வந்தது. அதற்குள் கடல் நுண்ணுயிர்களின் புதைபடிவம்கூடக் கிடைத்தது. பின்னால் வந்தவை வேறு வகை: உள்ளே காலியான கறுப்பு உருண்டைகள், ஆவி விட்டுக்கொண்டே மிதக்கும், விரிசலில் நீர் புகுந்ததும் மூழ்கிவிடும்.

மீன் செத்தது சூட்டினால் மட்டும் இல்லை. கரியமில வாயுவால் நீர் அமிலமானது, கந்தகச் சேர்மங்கள் பிராணவாயுவைத் தின்றுவிட்டன. 1996 முதல் காப்பகமாகப் பேணி வந்த கடல் அது. கிளிமீனை நம்பிப் பிழைத்தவர்கள் தொழிலை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பங்களின் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கடல் மீண்டது. எரிமலை வாய் இன்றும் வெதுநீரும் வாயுவும் இரும்பும் கசிகிறது. இரும்பு நுண்பாசிக்கு உரம்.

எதைத் தொட்டாலும் பேச்சு தண்ணீரில்தான் நிற்கும் என்றேனே, மின்சாரமும் அப்படித்தான்; சுருக்கமாகச் சொல்கிறேன். 2014-இல் திறந்த கொரோனா தெல் வியெந்தோ (Gorona del Viento) மின்நிலையத்தில் ஐந்து காற்றாலை, மொத்தம் 11.5 மெகாவாட். மிஞ்சும் மின்சாரத்தில் நீரை 650 மீட்டர் மேலே, அணைந்த எரிமலையின் வாயில் கட்டிய தேக்கத்துக்கு ஏற்றுவார்கள். காற்று இல்லாதபோது அதே நீர் இறங்கிச் சுழலியைச் சுற்றும். மேல் தேக்கம் 3,80,000 கன மீட்டர் கொள்ளும், கீழ்த் தேக்கம் 1,50,000 மட்டுமே, அதனால் மேலேயுள்ளதை முழுதாகப் பயன்படுத்த முடியாது. 2019 கோடையில் தொடர்ந்து 24 நாள் டீசல் இல்லாமல் ஓடியது. ஆனால் காற்று ஓய்ந்த நாட்களில் டீசல் நிலையம்தான் கைகொடுக்கிறது.

கானரித் தீவுகளில் இன்னொன்றான தெனெரீஃபேயின் லோஸ் கிறிஸ்தியானோஸ் துறையிலிருந்து கப்பல் சுமார் இரண்டரை மணி நேரம். வெளியூர் போன தீவுக்காரர்கள் எல்லாரும் அந்த வாரம் திரும்புவார்கள், அறை கிடைக்காது. பல மாதம் முன்பே பிடித்து வை. வல்வெர்தேயில் கெசதீயா வாங்கு: புதுப் பாலாடைக்கட்டியும் சோம்பு வாசனையும் கலந்து விறகடுப்பில் சுட்ட பலகாரம். முழங்காலுக்கு வைத்தியர் என்ன சொன்னார் என்று எழுது, அதைப் பார்த்துத்தான் எந்த எல்லையில் நீ சேரலாம் என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் நண்பன்